கழுவாத பேனல்

சூரிய மின்சாரம் படிக்க வந்தவர்களை ஏன் வந்தாய் என்று கேட்டால் ஆளுக்கொரு நல்ல காரணம் சொல்வார்கள். பூமியைக் காப்பாற்ற, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு நல்ல காற்றைக் கொடுக்க, இப்படி. அவளுக்கு அவ்வளவு பெரிய மனசெல்லாம் கிடையாது. அவள் ஒரு மனிதரைப் பழிவாங்கப் படித்தாள்.

அந்த மனிதர் நிலக்கரி மின்நிலையத்தின் மேலாளர். அதன் புகை இறங்குகிற தெருவில்தான் அவள் வீடு. அண்ணன் இருபத்திரண்டு வயதில் மூச்சுக்குத் தவித்துச் செத்தபோது தெருவே கையெழுத்துப் போட்டுப் புகார் அனுப்பியது. இறந்தவருக்குச் சிகரெட் பழக்கம் இருந்ததாகத் தெரிகிறது என்று மேலாளர் பதில் எழுதினார். அண்ணன் சிகரெட்டைக் கையால் தொட்டவனில்லை. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்ற தைரியம். அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "என் புள்ளைய ரெண்டாவது தடவையும் கொன்னுட்டான்" என்றாள். மகளுக்கு அப்போது பதினாறு வயது. அன்றிலிருந்து அவள் கறுவிக்கொண்டே வளர்ந்தாள்.

பத்து வருஷம் கழித்து, அதே மின்நிலையத்தின் மதில் தெரிகிற தூரத்தில் ஒரு சோலார் வயல் வந்தது. அவள் அங்கே பொறியாளர். அதே தெருவிலிருந்து படித்து வந்த இன்னொருவன் அவளுக்குத் துணை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் எல்லாரும் அவனைக் குட்டை என்றுதான் கூப்பிட்டார்கள்.

சோலார் வயல்களில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேனல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஒன்றைத் தினமும் கழுவுவார்கள், மற்றதைத் தொடவே மாட்டார்கள். இரண்டும் கொடுக்கிற மின்சாரத்தின் வித்தியாசம்தான் அழுக்கின் கணக்கு. இங்கே கழுவாத பேனல் ஐந்து மாதத்தில் கால்வாசி சக்தியை இழந்திருந்தது. விரலால் தொட்டால் மாவு போல ஒட்டியது, சாம்பல்.

மின்நிலையம் இன்னும் பத்து வருஷத்துக்கு உரிமம் கேட்டிருந்தது. விசாரணை அதிகாரி வரப்போகிறார். உரிமம் கிடைத்தால் தெருவில் இன்னும் எத்தனை பேரோ. அவள் பேனலின் ஒரு ஓரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்த நீரை எடுத்துக்கொண்டு உரிமம் பற்றிய முதல் கூட்டத்துக்குப் போனாள். அதே மேலாளர் சிரித்தார். சாலைத் தூசி என்றார். அதற்கும் மேலே போய், சாம்பலை நீங்களே கலக்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். சபையும் சேர்ந்து சிரித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்வி நியாயம்தான் என்பது அவளுக்கே தெரிந்தது. அவள் கை பட்ட தண்ணீர் செல்லாது.

அடுத்த கூட்டத்தில் அவள் பூனை மாதிரிப் பேசினாள். வியாழக்கிழமை அதிகாரி அந்தக் கழுவாத பேனலை நேரில் பார்க்கப்போகிறார் என்றும், அது கிழக்குக் கம்பிவேலி ஓரம்தான் இருக்கிறது என்றும் போகிறபோக்கில் சொல்லிவைத்தாள். திரும்பி வந்ததும் பேனலின் கீழ் விளிம்பில் தகரத் தொட்டி கட்டி, குழாய் வைத்து, மூடி முத்திரையிட்ட கேனில் இறக்கினாள். எதிரே கேமரா. மழையே இல்லாத காலத்தில் தொட்டி எதுக்கு என்று குட்டை கேட்டான்.

"மழை வரும். புதன்கிழமை வரும்" என்றாள்.

வந்தது. புதன் பிற்பகல் மின்நிலையச் சீருடையில் இரண்டு பேர் வாளியும் துணியுமாக வேலி தாண்டி வந்து பேனலைப் பளிங்காகத் தேய்த்தார்கள். அலுவலக அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் தடுக்கவில்லை. பேனல் கொடுக்கிற மின்சாரத்தைக் காட்டும் கோடு ஒரே நிமிஷத்தில் செங்குத்தாக ஏறியது. தொட்டி வழியே கேன் நிறைந்தது.

விசாரணையில் அவள் அதிகம் பேசவில்லை. கேமராப் படத்தையும் மின்சாரக் கோட்டையும் காட்டினாள். கேனில் இருந்தது அந்த மின்நிலைய உலையின் சாம்பலேதான் என்ற ஆய்வக அறிக்கையை வைத்தாள். வெறும் சாலைத் தூசியைக் கழுவ ஏன் ஆள் அனுப்பினீர்கள் என்று அதிகாரி கேட்டார். உரிமம் மறுக்கப்பட்டது. மேலாளருடைய வேலையும் போனது. அவளுக்கு இரக்கம் துளிகூட வரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் அவள் அறைக்கே வந்தார். நிற்கவைத்தே பேசினாள். தன் மகளும் சூரிய மின்சாரம் படித்திருக்கிறாள், தனக்குத் தெரியாமலே இங்கே பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், தன்னை மனதில் வைத்து அவளை ஒதுக்கிவிட வேண்டாம் என்றார். விண்ணப்பம் மேஜைமேல்தான் கிடந்தது. இந்தத் தொழிலால் யாருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள்.

"ஒதுக்க மாட்டேன் சார். நல்ல பொண்ணு, கட்டாயம் எடுப்பேன். முதல் பாடமே அந்த ரெண்டு பேனல்தான். படத்தை நானே போட்டுக் காட்டுவேன். இவங்கள அனுப்பினது யாருன்னு கேப்பா. எங்க அண்ணன் என்ன ஆனான்னும் கேப்பா. அந்தக் கடிதத்தைக் கையில குடுப்பேன். கீழ யார் கையெழுத்துன்னு அவளே படிச்சுக்கட்டும்."

அவர் தாழ்ந்த குரலில் அந்த விண்ணப்பத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார்.

அவள் தரவில்லை.