சோதனை ஓட்டத்தில் ஓர் அத்தியாயம்

மடிக்கணினிக்குக் கிழடு தட்டிவிட்டது. கோப்பைத் திறந்தாலே உறைந்து நின்றது. அவள் தட்டச்சு செய்துவந்த நூலோ மறுநாள் காலை பதிப்பகத்தில் இருந்தாக வேண்டும். தவறினால் அடுத்த நூல் வேறு கைக்குப் போகும் என்பதைப் பதிப்பாசிரியர் தேன் தடவிய குரலில் சொல்லியிருந்தார். எனவே கொழுந்தனை வரவழைத்தாள். மின்தூக்கி பழுதுபார்க்கும் அவன், காசில்லாமல் கிடைக்கும் திறந்த மூல இயங்குதளங்கள் மூன்றை மூன்று பென் டிரைவ்களில் கொண்டுவந்தான்.

"இப்ப எதையும் நிறுவ வேணாம் அண்ணி. பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாருங்க."

"செருப்புக் கடையில போட்டு நடந்து பாக்குற மாதிரியா?"

"ஆமா, கடிச்சா கழட்டிடலாம்."

"உங்க அண்ணன் விஷயத்துல இதை யாரும் எனக்குச் சொல்லலையே!"

முதலாவதில் அழகு கொட்டிக் கிடந்தது. ஒரு கோப்பு திறப்பதற்குள் கொட்டாவி வந்தது. இரண்டாவது கண்ணிமைப்பதற்குள் எழுந்து நின்றது. ஆனால் அவள் விரல்களில் ஊறிய பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசை அதில் இல்லை.

"இருக்குறதுலயே இதுதான் லேசு. புது வரிசையைப் பழகிக்குங்க."

"ராத்திரிக்குள்ள புதுக் கை முளைக்குமா?"

மூன்றாவதற்கு வேகமும் இல்லை, அசமந்தமும் இல்லை. விரல்கள் போன இடமெல்லாம் எழுத்து விழுந்தது. அதற்குள் யாரோ மின்தூக்கியில் சிக்கிக்கொண்டதாக அழைப்பு வர, மாலையில் வந்து நிறுவுவதாகச் சொல்லிக் கொழுந்தன் ஓடினான். அவள் கடைசி அத்தியாயத்தில் இறங்கினாள்.

மாலையில் வந்தவனிடம், "முடிச்சாச்சு. இதையே போட்டுடு," என்றாள்.

"எதுல சேமிச்சீங்க?"

"இதோ, முகப்புத் திரையிலதான்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி, இது வெறும் சோதனை ஓட்டம். அணைஞ்சா ஒரு எழுத்து மிஞ்சாது."

பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கணினியின் உயிர் சுவரிலிருந்த மின்செருகியில் இருந்தது. கணவன் இஸ்திரிப் பெட்டியோடு அதை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தான்.

"தொடாதீங்க!" இரு குரல்களும் சேர்ந்தே எழுந்தன.

"சட்டை கசங்கியிருக்கு."

"கசங்கட்டும்!"

கொழுந்தன் வெற்று பென் டிரைவ் ஒன்றைச் செருகினான். முதலில் புதிய அத்தியாயமும், பிறகு கணினியின் வன்வட்டிலிருந்த பழைய அத்தியாயங்களும் அதில் ஏறின. அவள் நகலைத் திறந்து கடைசி வரிவரை பார்த்த பிறகே அதிலிருந்தே நூலைப் பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். அடுத்த நூலும் அவளுக்கே என்று பதில் வந்தது.

பிறகு, 'நிறுவு' என்பதைத் தானே அழுத்தினாள்.

"இப்பவாவது பிடுங்கலாமா?" என்றான் கணவன்.

"நிறுவல் ஓடுது, இப்பத்தான் கூடவே கூடாதுண்ணே," என்றான் தம்பி.

கணவன் கசங்கிய சட்டையையே மாட்டிக்கொண்டு பொத்தான்களைப் போடத் தொடங்கினான்.