ஜாய்சன் இறங்காத மரம்

2003ஆம் ஆண்டு, சாலையை அகலப்படுத்துவதற்காகத் தார்நாகாவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினார்கள். மரம் விழுந்தது, அதன் மேல் இருந்த ஜாய்சன் விழவில்லை. கிளை பிரிகிற இடத்தில் எப்படிக் கால் போட்டு உட்கார்ந்திருந்தானோ, அப்படியே முப்பதடி உயரத்தில் வெறும் காற்றில் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

வெட்டச் சொன்னது அவன் அப்பா கிதியோன்தான். மரம் கழிக்க, பட்டதைச் சாய்க்க, வேரோடு பெயர்த்து நட, செகந்திராபாத்தில் அவர் கம்பெனியை விட்டால் ஆள் கிடையாது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் ஆபீஸ் முளைத்த காலம். ஒவ்வொருவருக்கும் முதலில் இருக்கிற மரம் போக வேண்டும், பிறகு அதே இடத்தில் வேறு மரம் வேண்டும். கிதியோனுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவருடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேலே ஏறியவன் வேலை முடிந்ததும் மோட்டார் ரம்பத்தைக் கயிற்றில் கட்டி இறக்குவான், பின்னாலேயே தானும் இறங்குவான். ரம்பம் தரையில் கிடந்தால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். அன்று ரம்பத்தில் பெட்ரோல் தீர்ந்துபோய், நிரப்பித் தருவதற்காக ஜாய்சன் அதைக் கீழே விட்டிருந்தான். மாதாப்பூர் மேனேஜர் ஒருவரோடு செல்போனில் அடுத்த வேலையைப் பேசிக்கொண்டிருந்த கிதியோன் ரம்பத்தைப் பார்த்தார், அண்ணாந்து பார்க்கவில்லை. அடிமரத்தருகே நின்றவனுக்குக் கையைக் காட்டிவிட்டார். அந்த இரைச்சலில் மகன் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

விழுந்த தழைக்குள் எல்லோரும் பதறித் தேடிக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது. "டாடி, கைக்கு? ஏன் வெட்டினீங்க? நான் இங்கதானே இருக்கேன்!"

ஏணி வைக்கலாம் என்றால் சாய்த்து வைக்க ஒன்றுமில்லை. தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டியது, ஆனால் ஜாய்சன், "நக்கோ அண்ணா, நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டான். வேண்டாம் என்பவனை எப்படி இழுப்பது? ஒரு வாரம் கூட்டம் அலைமோதியது, பிறகு குறைந்தது. அவனுக்குக் கீழே தார் போட்டு முடித்தார்கள், மின்கம்பியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள், பஸ்கள் ஓடின. அவன் அம்மா ஐவி மதியம் தோறும் பஸ்ஸில் வந்து கேரியரைக் கயிற்றில் மேலே அனுப்புவாள். மாலையில் வேலை முடிந்து கிதியோன் வந்து நின்று, "இறங்கி வாடா ராஜா" என்பார். "ஹவ் டாடி, வர்றேன்" என்று தலையாட்டுவான். வருடங்கள் இப்படியே போயின. கிதியோன் கம்பெனியில் இப்போது ஆட்கள் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடிமரத்தில் ரம்பம் வைத்தார்கள். அதை வைத்து இனி என்ன செய்வது, அந்தக் கவனம் அன்றைக்கல்லவா இருந்திருக்க வேண்டும்! ஐவி அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் பார்த்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். மகன் இறங்கினால்தான் தனக்கு வீடு என்று ஒன்று உண்டு என்பது கிதியோனுக்குத் தெரிந்திருந்தது.

2011இல் ஒரு கட்டட வேலையிலிருந்து கிரேனை வரவழைத்து, தொட்டியில் தானே ஏறிப் போனார். எட்டு வருடத்துக்குப் பிறகு மகனைப் பக்கத்தில் பார்த்தார். இவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவனுக்கு அன்றைய அரும்பு மீசை அப்படியே இருந்தது, கழுத்தில் ஒட்டியிருந்த மரத்தூளின் ஈரம்கூடக் காயவில்லை.

"போலாம் வாடா. அம்மா கீழ நிக்கிறா" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

ஜாய்சன் கையைப் பிடிக்கவில்லை. "டாடி, எனக்கு இன்னும் வலிக்கல. இறங்கினா வலிக்கும்" என்றான்.

அன்றைக்கு விழ வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று கிதியோனுக்கு அப்போதுதான் புரிந்தது. மகனின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். அழுகை அடங்கியதும் கிரேனை இறக்கச் சொன்னார்.

ஐவி ஓடி வந்து அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "புள்ள எங்கங்க? ஏன் தனியா வந்தீங்க?" அத்தனை வருடம் கழித்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவன் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். ஐவி வெயிலில் அண்ணாந்து வெகுநேரம் நின்றாள். பிறகு கிரேன்காரனிடம் போய், வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

"இனிமே அவன இறங்கச் சொல்லாதீங்க" என்றாள் கணவரிடம்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போய் ஜாய்சனுக்குப் புதுச் சட்டை எடுத்தார்கள், பழைய அளவிலேயே.