ஆறாம் எண் காந்தம்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்ததாகப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டாம். இன்று மதியம் ஒன்றேகாலுக்குப் பயிற்சியாளர் அறைக்குள் போய், சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையிலிருந்து சுண்டுவிரல் நீளக் காந்தப் பட்டை ஒன்றைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதில் கறுப்பு மையில் "தெரியோ 6" என்று எழுதியிருக்கிறது. எழுதியவளும் நான்தான். பதினோரு வருடமாக அந்த மை அழியவில்லை.

இப்போது மணி இரண்டு நாற்பது. ஐந்து மணிக்குள் எங்கள் ஐஸ் ஹாக்கி அணி இந்த ஆண்டுக்கான இருபத்துமூன்று பெயர்களை லீக் அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். பயிற்சி முகாமில் இருப்பவர்கள் இருபத்துநான்கு பேர். ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் இந்த அணியின் சாமான் அறைக்காரி. இருபத்தொரு வருடமாக ஸ்கேட் கத்திகளுக்குச் சாணை பிடிக்கிறேன், மட்டைகளை அடுக்குகிறேன், நாறும் கையுறைகளைக் காயவைக்கிறேன். யாராவது நீக்கப்பட்டால் அவருடைய இருக்கைக்கு மேலே இருக்கும் பெயர்ப்பலகையைத் திருகி எடுப்பதும் என் வேலைதான். கதை எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் இன்றைக்கு எழுதுவேன். யார் தடுப்பது?

2

தொடக்கங்கள்.

"அரங்கின் உயர்ந்த ஜன்னல்கள் வழியே அக்டோபர் வெயில் பனித்தரையில்..." (நிறுத்து. எங்கள் அரங்கில் ஜன்னலே கிடையாது. கூரை ஒழுகும் இடம் மூன்று உண்டு.)

"ரெஜான் தெரியோ என்ற மாவீரன்..." (இதை அவன் படித்தால் சாணைக்கல்லைத் தூக்கி என் தலையில் போடுவான்.)

"முப்பத்துநான்கு வயதுத் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையில் காலம் என்பது..." (காலம் என்று ஆரம்பிக்கும் எதையும் நான் படிக்க மாட்டேன். நீங்களும் படிக்க வேண்டாம்.)

"ரெஜான் தெரியோவின் இடது கால் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ரெஜான் தெரியோவின் இடது கால் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை, பயிற்சி ஆட்டம் முடிந்த பிறகு, ஸ்கேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாமான் அறைக்கு வந்தான். வலது கால் செருப்போடு, இடது கால் துண்டுக்குள்.

"கணுக்கால்கிட்ட மட்டும் கொஞ்சம் அகலமாக்கிக் குடு அக்கா."

"ஸ்கேட்டை மட்டும் நீட்டுற. காலைக் காட்டு."

"கால் அழகா இல்ல."

"உன் மூஞ்சியையே பதினோரு வருஷமா பாத்துட்டு இருக்கேன். காட்டு."

காட்டினான். ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் எதிரணியின் அடி ஒன்றுக்குக் குறுக்கே காலைப் போட்டிருந்தான். பக், அந்தக் கெட்டி ரப்பர் வட்டு, எலும்பின்மேலேயே விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஒன்பது முறை களத்தில் இறங்கினான். விரலால் தொட்டேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த கை வெளுத்தது.

"உடைஞ்சிருக்குடா."

"உடையல. கோவமா இருக்கு."

"டாக்டர் ரெண்டு கதவு தள்ளிதான் இருக்காரு."

"தெரியும். அந்தக் கதவைத் தாண்டித்தான் தெனமும் போறேன்."

இங்கே வாசகருக்கு ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று புரியாது. முகாமில் அடிபட்ட ஆட்டக்காரரை, அடி ஆறும்வரை அணி நீக்க முடியாது. அவரைக் காயப் பட்டியலில் போட்டு வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவர் இருபத்துமூன்றில் சேர மாட்டார். அதாவது ரெஜான் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இந்த ஆண்டு யாருமே வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

அதைத்தான் அவனிடம் கத்தினேன்.

"மரமண்டை! நீயும் இருப்ப, உன் எடத்துக்கு வந்திருக்கிற அந்தப் பொடியன் கீகனும் இருப்பான். யாருக்கும் நஷ்டமில்ல. உள்ள போயி சொல்லுடா!"

"முப்பத்துநாலு வயசுல அந்தப் பட்டியலுக்குள்ள போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்? ஒரு பேர் சொல்லு."

"நொண்டிக்கிட்டே ஆடினா வயசாயிடுச்சுன்னு தூக்கிடுவாங்க."

"ஆடும்போது தூக்கட்டும். படுத்திருக்கும்போது வேணாம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

(இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள், திரும்பி வந்தவர்கள். பெயர் சொல்வதற்குள் அவன் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டான்.)

உடைந்த எலும்பைச் சொன்னால் வேலையைக் காப்பாற்றும் சட்டம் இருக்கிறது. அதை மறைத்து, அதனாலேயே வேலையை இழப்பவன் உலகத்தில் எங்கள் ஆட்டக்காரன் ஒருவன்தான். பல் உடைந்தால் துப்பிவிட்டு அடுத்த சுற்றுக்கு இறங்குகிறவனைத்தான் இங்கே ஆண்பிள்ளை என்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் அவன். அந்தப் பேச்சுக்குக் கைதட்டியே வயதானவள் நான்.

4

கதாபாத்திரங்களைப் பற்றி ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் ஒன்பது பேர் இருந்தார்கள். பனித்தரையைச் சமப்படுத்தும் வண்டிக்காரர், டிக்கெட் கொடுக்கும் பெண்மணி, ஆட்டத்துக்கு முன்னால் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை யாரும் தொடக்கூடாது என்று சண்டை போடும் கோல்கீப்பர்... எல்லாரையும் வெட்டிவிட்டேன். கதைக்கு இடம் போதவில்லை. நான்கு நிமிடம்தான் ஆனது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பட்டியலை முடித்த பிறகுதான் உறைத்தது, நானும் ஆள் நீக்கியிருக்கிறேன் என்று.

கீகன் ஹாலொரனை மட்டும் வைத்துக்கொண்டேன். வயது இருபத்துமூன்று, ரெஜானின் இடத்துக்குப் போட்டி. நேற்று காலை என் அறைக்கு வந்து இப்படிச் சொன்னான்:

"தெரியோ கால்ல என்னமோ இருக்கு அக்கா. நான் சொன்னா காட்டிக்குடுத்தவன்னு பேரு. சொல்லலன்னா எனக்கு எடம். ரெண்டுமே நாறுது."

நல்ல வசனம், இல்லையா? பொய். கீகன் அப்படிப் பேசவே இல்லை. ஒரு சுருள் டேப் கேட்டான், கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் டேப்பை வாங்கிக்கொண்டு கதவருகில் திரும்பி நின்றான். ரெஜானின் ஸ்கேட் மேசைமேல் கிடந்தது, கணுக்கால் பக்கம் கோணலாகப் புடைத்துக்கொண்டு. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சாணைச் சக்கரத்தைச் சுற்றவிட்டேன், சத்தம் போடட்டும் என்று. அவன் போய்விட்டான். அவன் நின்ற அந்த நேரத்துக்குத்தான் வசனம் எழுதினேன். அதை எடுக்க மாட்டேன்.

5

இனி நான் எழுதத் தள்ளிப்போட்ட பகுதி.

இன்று பன்னிரண்டரை மணிக்குத் துவைத்த சட்டைகளோடு பயிற்சியாளர் அறைக்குள் போனேன். வெள்ளைப் பலகையில் மூன்று கட்டங்கள் உண்டு: இருக்கிறவர்கள், போகிறவர்கள், காயம். இந்த ஊரில் அந்தப் பலகைதான் சட்டம். காந்தம் நகர்ந்தால் ஆள் நகர்ந்த மாதிரி. கடைசிப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறவர்கூட அதைப் பார்த்துத்தான் அடிப்பார்.

பயிற்சியாளர் வெண்டல் கோர்மியர் நின்றுகொண்டிருந்தார். மேலாளர் லோர்ன் ஹடாச்சிக் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். முடிவு லோர்னுடையது. கத்துவது மட்டும் வெண்டல்.

"மூணு நாளா திரும்பறப்ப தடுமாறுறான் வெண்டல். கீகனைப் பாரு, காத்து மாதிரி போறான்."

"காத்துதான்! காத்து பக்கைத் தடுக்குமா? தெரியோ ஒடம்பையே குறுக்க போடுவான்."

"போட்டது போதும்னுதான் சொல்றேன். அவன் ஒடம்பும் அதைத்தான் சொல்லுது."

"செவ்வாக்கெழமை வரைக்கும் நல்லா இருந்தான்யா. மூணு நாள்ல ஒருத்தனுக்கு வயசாகுமா?"

லோர்ன் விதைத் தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுவும் நியாயம்தான். நீ சொல்லு. ஸ்கேட்டெல்லாம் உன் கைவழியாதானே போகுது. அவன் கால்ல ஏதாவது அடியா? இருந்தா சொல்லிடு. காயக் கட்டத்துல ஒட்டிட்டு நானும் நிம்மதியா போயிடுவேன்."

இதைவிட நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் சொன்ன பதில்:

(அ) "உடைஞ்சிருக்கு லோர்ன். நானே பாத்தேன்," என்று தலை நிமிர்ந்து...

(ஆ) சட்டைகளைக் கீழே போட்டுவிட்டு, "என்னைக் கேக்காதீங்க, டாக்டரை அனுப்பி அவன் காலைப் பாருங்க" என்று...

(இ) "கத்தியெல்லாம் நல்லாதான் இருக்கு."

நடந்தது (இ). கால் எப்படி என்று கேட்டவருக்குக் கத்தி எப்படி என்று சொன்னேன். லோர்ன் தலையாட்டினார், எழுந்தார், ஆறாம் எண்ணை நடுக்கட்டத்துக்கு நகர்த்தினார். வெண்டல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நாலரைக்கு அவனை இங்க வரச் சொல்லு," என்றார் லோர்ன். "அவன் போனப்புறம் பேர்ப்பலகையைக் கழட்டிடு. அவன் இருக்கும்போது வேணாம்."

முதலாளியைப் பார்க்க இருவரும் மாடிக்குப் போனார்கள். நாலரைக்குத்தான் இறங்குவார்கள். நான் ரெஜானிடம் போய்ச் சொன்னேன். தன் இருக்கையில் உட்கார்ந்து மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நாலரையா? சரி." சுற்றுவதை நிறுத்தவில்லை. "வாயத் தொறக்கலையே?"

"தொறக்கல."

"நல்லவ."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராகப் போய்க் காந்தத்தைத் திருடினேன்.

6

முடிவுகள். மணி மூன்றரை.

ஒரு முடிவில் ரெஜான் உடைந்த காலோடு இறங்கி, கடைசி நொடியில் கோல் போட்டு, ஊரே எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது. அந்தக் கதை வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் டாக்டர் கதவைத் தாண்டிப் போகிறான். நான் அதில் இன்னொன்று சேர்க்க மாட்டேன்.

இன்னொரு முடிவில் நாலரைக்கு அவன் உள்ளே போகிறான், ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறான். கறுப்புக் குப்பைப் பையில் சாமானை அள்ளிக்கொண்டு, தரையில் வரைந்திருக்கும் அணிச் சின்னத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, நொண்டாமல் நடந்து போகிறான். கார் கதவைச் சாத்திய பிறகுதான் முகத்தைச் சுளிப்பான். இதை என்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியும். எழுத மாட்டேன்.

மூன்றாவதில் அவன் அணியில் இருக்கிறான், காயக் கட்டத்தில். கால் ஆறுகிறது. ஆனால் என்னிடம் பேசுவதில்லை. ஸ்கேட்டை வேறு யார் கையிலாவது கொடுத்து அனுப்புகிறான். அதை எழுதிப் பார்த்தேன், அழுகை வந்தது. வரட்டும். அக்கா என்று கூப்பிடாமல் போனாலும் அவன் இங்கே இருந்து கூப்பிடாமல் இருக்கட்டும்.

எழுதினால் சொன்னதாகாது என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். சத்தியத்தை உடைக்கிறேன், முழுதாக, தெரிந்தே. இருபத்தொரு வருடம் என் அறையில் பார்த்ததை வெளியே சொன்னதில்லை. எத்தனை தோள்பட்டை, எத்தனை மண்டை, மண்டையில் அடிபட்டு எத்தனை பேர் இன்று தங்கள் பிள்ளையின் பெயரை யோசித்துச் சொல்கிறார்கள். அந்த மௌனத்தைப் பெருமை என்று நினைத்தேன். இனி அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். என் பெயர்ப்பலகையைக் கழற்ற நினைத்தால் திருப்புளி மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.

7

மணி நான்கேகால். இந்தக் காகிதங்களைப் பயிற்சியாளர் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெள்ளைப் பலகையின் மேல் விளிம்பில், எந்தக் கட்டத்திலும் சேராத இடத்தில், மாட்டிவிட்டுப் போகப் போகிறேன். மாட்டுவதற்குக் கையில் இருப்பது ஒரே ஒரு காந்தம்தான்.

முதலில் உள்ளே வருவது யார் என்று எனக்குத் தெரியாது. லோர்னாக இருக்கலாம்: கால் உடைந்திருக்கிறது லோர்ன், இடது கால், நான் பொய் சொன்னேன். ரெஜானாகவும் இருக்கலாம். அவன் எப்போதும் பத்து நிமிடம் முன்னாலேயே வருகிறவன். அவன் இதைக் கிழித்துப் போட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. கிழிடா. கிழிப்பதற்கு முன்னால் டாக்டர் கதவைத் திரும்பி ஒரு தரம் பார். அல்லது இவர்களில் யாரையும் அறியாத நீங்கள், இதுவரை பொறுமையாகப் படித்தவர்.

யாராக இருந்தாலும் ஒன்றுதான். காகிதத்தை எடுத்தால் காந்தம் கையோடு வந்துவிடும். கீழே மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எதிலும் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று தோன்றும். நான் நின்று பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை.