வாய்க்கால் மேல் விழுந்த மருந்து

"பைலட்டம்மா, இங்க பாரு. விரால்! வலையும் போடல, தூண்டிலும் போடல. சும்மா குனிஞ்சேன், கையில வந்துட்டுது."

பூவம்மாள் அன்னக்கூடையைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே விரால், கெளுத்தி, கெண்டை என்று கூடை நிரம்பியிருந்தது. வாய்க்காலில் மீன் பிடித்துச் சிதம்பரம் மார்க்கெட்டில் விற்பது அவள் பிழைப்பு. ஒரே காலையில் கூடை நிரம்பி அவளே பார்த்ததில்லை. முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

மோகனப்பிரியா ட்ரோனின் இறக்கைகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தாள். கிள்ளை போகிற சாலையை ஒட்டிய வயல்களுக்கு இரண்டு மாதமாக அவள்தான் ட்ரோன் ஓட்டி மருந்து அடிக்கிறாள். பரீட்சை எழுதி பைலட் லைசென்ஸ் வாங்கியவள். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

மீனைப் பார்த்ததும் அவள் கை நின்றது. கையில் பிடித்தாலே வழுக்கிக்கொண்டு ஓடுகிற ஜாதி விரால். அது இப்படி வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு செவுளை மட்டும் அசைத்துக் கிடக்குமா?

"எங்கக்கா புடிச்ச?"

"நடனசபாபதி வயல ஒட்டி ஓடுற வாய்க்கால்லதான். சாமி கண்ணத் தொறந்துட்டாரு போ. ஊட்ல கொஞ்சம் கொழம்புக்குக் குடுத்துட்டு பஸ்ஸப் புடிக்கிறேன்."

பூவம்மாள் போய்விட்டாள். அந்த மீனைத் தின்னாதே என்று மோகனப்பிரியா அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் புத்தி வேறு பக்கம் ஓடியது. வாய்க்காலில் எவனோ மருந்தைக் கலந்திருக்கிறான். எவன்?

முதலில் மனதில் வந்த முகம் கதிர்வேலுடையது. முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு வயல் வயலாக மருந்து அடிக்கிறவன். ட்ரோன் வந்தபிறகு அவனைக் கூப்பிட ஆளில்லை. அவளைப் பார்த்தால் ஒரு நக்கல் விடாமல் போகமாட்டான். பழியை அவள் தலையில் கட்டுவதற்காக டேங்க்கை வாய்க்காலில் கழுவி விட்டிருப்பான்.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் டிவிஎஸ்ஸில் வந்தான்.

"என்னா பைலட்டம்மா, இன்னும் டேக்ஆஃப் ஆவலயா? ஏர்ஓஸ்டஸ் வரலயா?"

"நேத்து வாய்க்கால்ல டேங்க் கழுவுனியாண்ணா?"

சிரிப்பு சட்டென்று அறுந்தது. "நானா? திட்டக்குடியில மச்சான் ஊட்டு விசேஷத்துக்குப் போயிட்டு இப்பதான் வரேன். ஏன், என்னாச்சி?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சா இது?" வண்டியை உதைத்துக்கொண்டு கிளம்பினான். திட்டக்குடியாம், மச்சானாம். அவள் நம்பவில்லை.

அடுத்த சந்தேகம் அன்பரசு மேல் விழுந்தது. அவளோடு வேலை செய்கிறவர், மருந்து கலப்பது அவர் பொறுப்பு. நாற்பது வயதுக்காரர், கொஞ்சம் சோம்பேறி. மிச்ச மருந்தைக் குழியில் ஊற்றச் சொன்னால், பத்தடி நடக்கச் சோம்பி வாய்க்காலில் கவிழ்த்திருப்பார்.

"அண்ணா, நேத்து மிச்சம் நின்ன மருந்த எங்க ஊத்துன?"

அன்பரசு குடத்தை ணங்கென்று கீழே வைத்தார். "குழியில. வந்து மோந்து பாரு. என்னா, போலீசு மாதிரி கேள்வி கேக்குற?"

போய்ப் பார்த்தாள். குழி ஈரமாக இருந்தது. மூக்கில் ஏறுகிற அதே வாடை. ஆனாலும் திரும்பி வரும்போது அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

"என்ன ஏம்மா மொறைக்கிற? நேத்து ஓரத்துல அடிக்கலன்னு நடனசபாபதி ஆடுன ஆட்டத்துல எனக்குப் பாதி உசிரு போயிட்டுது. இன்னிக்கு நீ வேறயா?"

அவளுக்குச் சுரீரென்றது.

வயலின் எல்லையை நடந்து குறித்து ரிமோட்டில் ஏற்றினால், ட்ரோன் அந்தக் கோட்டுக்குள்ளேயே பறந்து தெளிக்கும். வாய்க்கால் பக்கம் இடைவெளி விட்டுத்தான் கோடு போட வேண்டும். காற்று தள்ளினாலும் மருந்து தண்ணீரில் விழக்கூடாது. பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். அவளும் நேற்று அப்படித்தான் போட்டிருந்தாள். நடனசபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"வரப்போரமா இவ்ளோ உட்டுட்டியே, அங்க இருக்குற பூச்சி என்னா என் சம்மந்தியா? விருந்து வெக்கிறியா அதுக்கு? இதுக்குத்தான் பொம்பளப் புள்ள கையில மெசின குடுக்காதன்னேன்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளை உசுப்பியது. 'பாருய்யா, ஒரு அடி விடாம அடிச்சுக் காட்டுறேன்' என்று கோட்டை வெளியே இழுத்தாள்.

ரிமோட்டைத் திறந்தாள். நேற்று ட்ரோன் பறந்த வழியின் படம் வந்தது. மஞ்சள் கோடு வயலைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, வாய்க்காலின் நடு மேலே நீளத்துக்கும் ஓடியது. ட்ரோன் அந்த வழியாகப் போய், திரும்பி, மறுபடியும் போயிருக்கிறது. மருந்து டப்பாவில் கடும் விஷம் என்பதற்கான மஞ்சள் முக்கோணம் போட்டிருக்கிறது. மீனுக்கு ஆகாது என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. அதை அன்பரசுக்குப் படித்துக் காட்டியவளே அவள்தான்.

கதிர்வேலைச் சந்தேகப்பட்டாள், அன்பரசைச் சந்தேகப்பட்டாள். தன்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

பூச்சிமருந்துக்கடை அருள்முருகனுக்குப் போன் போட்டாள். ட்ரோன் அவருடையது. உறவில் மாமா, வேலை கொடுத்தவரும் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் தணிந்தது.

"வாயத் தொறக்காத. யாரு கேட்டாலும் கதிர்வேலு டேங்க கழுவுனான்னு சொல்லிடு. அவன்தான் உன்மேல காண்டா திரியிறவன், ஊரே நம்பும். நீ மாட்டுனா லைசென்ஸ் போச்சி, தெரியுமில்ல?"

"மாமா, பூவம்மாக்கா அந்த மீன விக்க எடுத்துட்டுப் போறாங்க."

"மீனுதான, ரெண்டு தடவ அலசுனா சரியாப் பூடும். நீ உன் வேலயப் பாரு."

போனை வைத்தாள். ஊரே நம்பும். ஆமாம், நம்பும். சற்றுமுன் வரை அவளே நம்பினாளே.

ரிமோட்டை அன்பரசு கையில் திணித்துவிட்டு ஓடினாள். சாலையோர டீக்கடையை ஒட்டித்தான் பஸ் நிற்கும். பூவம்மாள் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு நின்றாள். கதிர்வேலும் டீ கிளாசோடு அங்கேயே இருந்தான்.

"அக்கா, அந்த மீன விக்காத. விஷம். கொட்டிடு."

பூவம்மாள் கூடையை இடுப்போடு இறுக்கினாள். "ஏன்டி? என்னைக்கும் இல்லாம இன்னைக்குத்தான் கூடை நெறஞ்சிருக்கு. யாரு சொல்லி அனுப்புனா ஒன்ன? நான் கொட்டிட்டுப் போனதும் வந்து அள்ளிக்கலாம்னா?"

"வாய்க்கால்ல மருந்து கலந்திருக்குக்கா."

"யாரு கலந்தா?"

டீக்கடையில் எல்லாரும் திரும்பினார்கள். மோகனப்பிரியாவின் கண் கதிர்வேல் பக்கம் போனது. நுனி நாக்கு வரை அவன் பெயர் வந்துவிட்டது. பெயரைச் சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். அவன் இல்லை என்று சத்தம் போடுவான், சண்டை வரும், யாரும் எதையும் நம்பாமல் மீன் பஸ் ஏறிவிடும்.

"நான்தாங்கா. கோட்ட தப்பாப் போட்டு வாய்க்கால் மேலயே அடிச்சிட்டேன். ஊட்ல குடுத்தியே, அது என்னாச்சி?"

பூவம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கைபேசியை எடுத்து மகளின் எண்ணைத் தேடினாள். கதிர்வேல் பிடுங்கி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான்.

"சத்யா! கொழம்பு கொதிச்சிட்டுதா? யாராச்சும் வாய்ல வெச்சீங்களாடி? அடுப்ப அமத்து! சட்டியோட எடுத்து வெளிய வையி, நாயி பூன கூட தொடக்கூடாது!"

இப்போதுதான் புளி கரைத்துக்கொண்டிருப்பதாக மகள் சொன்னது ஸ்பீக்கரில் எல்லார் காதிலும் விழுந்தது. பூவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். பிறகு நிமிர்ந்து மோகனப்பிரியாவை அடிக்கிற மாதிரி பார்த்தாள்.

"காலையில கூடைய உன் மூஞ்சிக்கு நேரா காட்டுனேனே. அப்பவே சொல்றதுக்கென்னா?"

பதிலைக் கதிர்வேல் சொன்னான். "ஆளு தேடிட்டு இருந்தாங்க. பழி போட. எனக்குத் தெரியும்."

"தெரியுமில்ல? திட்டுண்ணா, வாங்கிக்கிறேன். ஆனா மொதல்ல வா, வாய்க்கால் ஓரமா போயி எல்லாருக்கும் சொல்லணும். மாடு தண்ணி குடிக்கக்கூடாது, யாரும் எறங்கக்கூடாது." அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். டீ கிளாசை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

வண்டியின் பின்னால் உட்காரும்போதே போன் அடித்தது. அருள்முருகன். சேதி அதற்குள் கடைக்குப் போய்விட்டது.

"உனக்கென்னா பைத்தியமா? என் கடப் பேரு என்னாவுறது?"

"உங்க ட்ரோன நீங்களே வெச்சிக்கங்க மாமா. அத ஓட்டுனது நான். வெவசாய ஆபீசுக்கும் நானே போயி சொல்லப்போறேன். மருந்து தப்பா விழுந்தா அது தவறு, யாருக்கும் நடக்கும். விழுந்தது தெரிஞ்சும் ஊருக்குச் சொல்லாம இன்னொருத்தன கை காட்டுனா, அதுக்குப் பேரு கொல."