இடப்பக்கத்துச் சித்தப்பா

வெள்ளூரணி விமான நிலையத்துக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதப் பார்த்து மயிரிழையில் தப்பினால், அவற்றில் இருப்பவர்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். இடப்பக்கமும் இடப்பக்கமும் உரசுகிற மாதிரி போனால் பங்காளிகள். யாராவது ஒருவர் வலப்பக்கத்தைக் காட்டிவிட்டால் மாமன் மச்சான். மாமன் மச்சான் ஆனவர்கள், பெட்டி வரும்வரை ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு நிற்பார்கள். பங்காளிகள் பெட்டி வருவதற்குள் வரப்புத் தகராறை ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் அங்கே கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களை இறக்குகிறவர்களுக்கு உறவுமுறை அத்துப்படியாக இருக்க வேண்டும். மங்கையர்க்கரசிக்கு அது அத்துப்படி. தாழ்வான வானம் அவளுடையது. உயரமான வானம், கீழ் அறையில் உட்கார்ந்திருக்கும் சிக்கந்தருடையது. அவர் ஒரு விமானத்தை அவளிடம் ஒப்படைக்கும்போது அது எந்த உயரத்தில் வருகிறது, எதிரே யார் வருகிறார்கள் என்று சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். தங்கமான மனிதர். யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று கிளம்பிவிட்டால்தான் கொஞ்சம் பயமாக இருக்கும்.

அரசிக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை இளம்பரிதிக்குப் பினாங்கில் வேலை. அவளே பார்த்து, பேசி, பிடித்துப்போய், வீட்டில் ஒற்றைக் காலில் நின்று சம்மதம் வாங்கிய பையன். அவளுக்கு ஒரே ஒரு குறைதான். அம்மாவும் இல்லை, அம்மா வழியில் ஒருவரும் இல்லை. மேடையில் தாய்மாமன் மாலை போடும் நேரத்தில் அங்கே யாரும் நிற்கப் போவதில்லை.

அன்று காலை மாப்பிள்ளையின் விமானம் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா தணிகாசலத்தின் விமானம் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே உயரத்தில், நேருக்கு நேராக வந்தன.

அவள் கீழ் அறையைக் கூப்பிட்டாள். "அண்ணே, ரெண்டையும் ஏன் ஒரே உயரத்துல விட்டிருக்கீங்க?"

"வேணும்னுதாம்மா விட்டேன்," என்றார் சிக்கந்தர். "மாமனாரும் மாப்பிள்ளையும் மேலேயே மாமன் மச்சான் ஆயிட்டாங்கன்னா, கல்யாணத்துல ஒரு சச்சரவு வராது பாரு. இது என்னோட அன்பளிப்புன்னு வச்சுக்க."

"நேருக்கு நேர் வந்தா ரெண்டு பேரும் வலது பக்கம்தானே அண்ணே ஒடிப்பாங்க? அப்ப இடப்பக்கமும் இடப்பக்கமும்ல உரசும்?"

கீழ் அறையில் சிக்கந்தர் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே ஓட்டிப் பார்த்தார்.

"அட, ஆமா," என்றார் சிக்கந்தர்.

அப்பாவுக்குப் பங்காளி என்றால் மகளுக்குச் சித்தப்பா. இளம்பரிதி கீழே இறங்கும்போது அவளுக்குச் சித்தப்பாவாகத்தான் இறங்குவான். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை எடுப்பதே பாவம்.

இனி உயரத்தை மாற்ற நேரமில்லை. இடது பக்கம் திரும்பச் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எதிரே விமானம் வந்தால் வலது பக்கம் ஒடிப்பது விமானிகளுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒருவர் அவள் பேச்சைக் கேட்டு இடதும், இன்னொருவர் பழக்கதோஷத்தில் வலதும் திரும்பிவிட்டால், சொந்தம் கொண்டாட ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

"ரெண்டு விமானமும் வலது பக்கம் திரும்புங்க," என்றாள். குரல் நடுங்கவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது. இளம்பரிதியை அவள் அவ்வளவு நேசித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பருந்து தெரிந்தது. விமான நிலையத்துப் பருந்துதான். வானத்தில் சுற்றுவதற்கு அதற்கும் தினமும் அவள்தான் அனுமதி கொடுப்பாள். இரண்டு விமானங்களும் விலகிக்கொண்டிருந்த அந்த இடத்திலேயே அது சும்மா வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"பருந்து, மேற்கே பார்த்து நேரா நடுவுல போங்க," என்றாள் அரசி.

பருந்து போயிற்று. அதன் இடப்பக்கத்தை ஒட்டி அப்பாவின் விமானத்தினுடைய இடப்பக்கம் கடந்தது. அதன் வலப்பக்கத்தை ஒட்டி மாப்பிள்ளையின் விமானம் கடந்தது. நடுவில் ஒருவர் இருந்தால் விமானங்கள் ஒன்றையொன்று உரசியதாக ஆகாது, அவரைத்தான் உரசியதாக ஆகும். முறை அப்படி.

கீழ் அறையில் சிக்கந்தர் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "உங்கப்பாவும் பருந்தும் பங்காளி. பருந்துக்கு மாப்பிள்ளை மச்சான். அப்ப உங்கப்பாவுக்கும் அவர் மச்சான் முறைதான். தாராளமா கட்டிக்கலாம்மா."

தணிகாசலம் இறங்கியதும் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். "என்னடா தம்பி, இப்படி இளைச்சுட்ட?" என்றார். பருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் இல்லை என்று அதற்கு மனத்தாங்கல்.

கல்யாணத்தன்று அது மண்டபத்துக்குள் வரவில்லை. மண்டபத்துக்கு மேலேயே முறுக்கிக்கொண்டு சுற்றியது. சித்தப்பா வராமல் தாலி கட்டுவது எப்படி என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் அரசியே பட்டுப்புடவையோடு வாசலுக்கு வந்தாள்.

"சித்தப்பா, எங்க மேலதான் தப்பு. கோவிச்சுக்காம இறங்குங்க. முன்வரிசையில உங்களுக்கு இடம் போட்டிருக்கு."

பருந்து இறங்கியது. ஆனால் தனியாக இறங்கவில்லை. இறங்குகிற வழியில் அது ஒரு மழைமேகத்தை வலப்பக்கமாக உரசிவிட்டிருந்தது. மேகமும் பின்னாலேயே வந்து, அழைக்காமல் எப்படி உள்ளே போவது என்று வாசலில் தயங்கி நின்றது.

சிக்கந்தர் மறுபடியும் விரல்களை மடக்கினார். "சித்தப்பாவுக்கு மச்சான்னா உங்கப்பாவுக்கும் மச்சான். உனக்குத் தாய்மாமன்மா."

தணிகாசலம் ஓடிப்போய் மண்டபத்தின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார். மேகம் ஒருக்களித்து உள்ளே வந்தது, மேடையேறியது, தட்டிலிருந்த மாலையை எடுத்து அரசியின் கழுத்தில் போட்டது. மாலை சில்லென்று நனைந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும், மாமா," என்றாள்.

பந்தியில் ஜன்னலோரமாக ஓர் இலை போட்டார்கள்.