அடியில் ஒரு கோடு

தெமா நகரத்துத் தொழிற்சாலை திருப்பியனுப்பிய லாரி கொட்டகை வாசலில் நின்றதும் ட்ஸிஃபா வேலையை விட்டு எழுந்து ஓடினாள். உள்ளே நாலு டன் பழைய பிளாஸ்டிக் பாட்டில்கள். கொஞ்சம் உருக்கிப் பார்த்தபோது கறுப்புக் கறுப்பாகக் கருகியதாம். தரம் பிரித்தது அவளும் அவளோடு வேலை செய்யும் பெண்களும்தான்.

"கண்ண எங்கடி வச்சிருந்தீங்க?" முதலாளியம்மா எசினாம் கருகிய கட்டி ஒன்றை மேசையில் போட்டாள். "எல்லாத்தையும் குப்பைமேட்டுல கொட்டிடவா?"

"ரெண்டு நாள் குடுங்க மேடம். எது கலந்துச்சுன்னு கண்டுபிடிச்சிடறேன்."

"ரெண்டே நாள்தான்."

ட்ஸிஃபா ஒரு மூட்டையை அவிழ்த்துப் பரப்பினாள். எல்லாம் நிறமற்ற பாட்டில்கள், ஒரே அச்சு. அடியில் முக்கோணத்துக்குள் ஒன்று என்ற எண் போட்டிருந்தால் அது தண்ணீர்ப் பாட்டில் வகை, கவலையில்லை. பலவற்றில் எண் தேய்ந்து போயிருந்தது. தொட்டித் தண்ணீரில் போட்டாள். மூடிகள் மிதந்தன, பாட்டில்கள் அத்தனையும் மூழ்கின. அதிலும் துப்புக் கிடைக்கவில்லை.

"விடுக்கா," என்றாள் கூடவேலை செய்யும் குக்குவா. "சாப்பிட வாங்கின கென்கே உருண்டை ஆறுது. பாட்டிலோட குடும்பமே நடத்தப் போறியா?"

ட்ஸிஃபா எரிச்சலில் கையிலிருந்ததை மடித்து நசுக்கினாள். மடிப்பில் பளீரென்று வெள்ளைக் கோடு விழுந்தது. இன்னொன்றை நசுக்கினாள். அதில் விழவில்லை. முதலாவதைக் கவிழ்த்தாள். அடிப்பாகத்தின் குறுக்கே நேராக ஒரு தையல் கோடு. மற்றதன் அடியில் நடுவே சின்னப் புள்ளி.

"குக்குவா, இங்க வா! இந்தக் கோடு இருக்கற மாதிரி, எண்ணு அழியாதது ஒண்ணு தேடு!"

கென்கே அப்படியே கிடந்தது. அரை மணி நேரம் கிளறிய பிறகு குக்குவா கத்தினாள்: "மூணு! அக்கா, மூணுன்னு போட்டிருக்கு!"

மூன்று என்றால் குழாய்க்கு உபயோகிக்கிற பிளாஸ்டிக் வகை. தண்ணீர்ப் பாட்டில் உருகுகிற சூட்டில் அது கருகிவிடும். கொஞ்சம் கலந்தாலே போதும், மொத்தமும் கெட்டுவிடும்.

கொட்டகையின் பன்னிரண்டு பெண்களும் அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு பாட்டிலையும் கவிழ்த்து அடியைத் தடவினார்கள். முதல் நாளே விரல்களுக்குப் பழகிவிட்டது, பேசிக்கொண்டே பிரித்தார்கள். கோடு போட்டவை ஒன்றரை மூட்டை சேர்ந்தன. பெரும்பாலும் ஒரே ஓட்டலின் வினிகர் பாட்டில்கள்.

லாரி மறுபடி தெமாவுக்குப் போனது. சாயங்காலம் எசினாமின் கைபேசி ஒலித்தது. கேட்டு முடித்தவள் ட்ஸிஃபாவிடம் வந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்க. ஒரு புள்ளிகூடக் கருகலையாம். எப்படிப் பிரிச்சீங்கன்னு கேக்கறாங்க, நீயே போய்ச் சொல்லிட்டு வா." கொஞ்சம் தயங்கினாள். "அன்னிக்கு நான் கத்தினத மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கல மேடம். அந்த ஒன்றரை மூட்டையத் தூக்கிப் போட்டுடாதீங்க. அஷைமன்ல குழாய் பண்றவங்களுக்கு அதுதான் வேணும்."

எசினாம் சிரித்துவிட்டாள். "நம்பர் சொல்லு, இப்பவே கூப்பிடறேன்."