கதைக்கு இருப்பிடச் சான்று

புதுக்கோட்டை வட்டார அறிபுனை இயக்கத்துக்கு ஒன்பது பொறுப்பாளர்கள், பதினான்கு விதிகள், ஒரு வட்ட முத்திரை. அறிவியல் கதை எழுதுகிறவர்கள்தான் மூன்றே பேர்.

நிறுவனர் ஆத்மநாதன் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்ணின் அடையாளத்தோடு எதிர்காலத்தை எழுதப்போவதாக அறிக்கை விட்டார். வந்த கதைகளுக்கு மனுக்களைப் போல எண் போட்டார். மாவட்ட எல்லைக்குள்தான் நடக்கிறதா என்று சோதித்து, ஒவ்வொன்றுக்கும் இருப்பிடச் சான்று எழுதிக் கையொப்பமிட்டார். செவ்வாய்க் கிரகத்தில் நடந்த கதை ஒன்று, கீரமங்கலத்துக்குக் குடிமாறிய பிறகே தேறியது.

அந்த அறிக்கை அன்னவாசல் ஜெராக்ஸ் கடையில் நகலானது. அங்கே மிஷின் ஓட்டும் செவந்தி அதைப் படித்தாள். ‘முதல் தொகுப்பின் நூறு பிரதிகள் வளைகுடாத் தமிழர்களுக்கு அனுப்பப்படும்’ என்ற வரியில் அவள் கண் நின்றது. அவள் கணவன் மலையாண்டி சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனவன். போன் வந்து இரண்டு வருஷம் ஏழு மாதம். அவளுக்குத் தெரிந்த எல்லா இடத்துக்கும் மனுப் போட்டாயிற்று. கதை மட்டும்தான் பாக்கி.

தம்மாமில் தண்ணீர்த் தொட்டி கழுவ இறங்கியவன், ஊர்க் கிணற்றில் ஏறி வருகிறான். அதுதான் கதை. அவன் பெயர், இடது புருவத்துத் தழும்பு, தங்கியிருந்த ரூம் விலாசம் எல்லாவற்றையும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அங்கே யாராவது படித்தால் ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே.

ஆத்மநாதன் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

“இது இங்கிட்டு நடக்குறதாம்மா, அங்கிட்டு நடக்குறதா?”

“பாதி அங்கிட்டு, பாதி இங்கிட்டுங்க சார்.”

“பாதிக்கெல்லாம் சான்று குடுக்க முடியாது. அதுபோக, புருசன் ஊருக்கு வர்றதுல என்ன அறிபுனை இருக்கு? திருச்சியில தினம் ஃப்ளைட்டு எறங்குது.”

“எங்க வீட்டுல அது கற்பனைதாங்க சார்.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தை மறுபடி படித்தார். பிறகு, “சரி, வச்சுட்டுப் போங்க. திருத்திப் போட்டுக்கிறேன்” என்றார். நல்ல மனிதர்தான்.

வெளியீட்டு விழாவில் பதினோரு வாழ்த்துரைகள். ஏழாவது வாழ்த்துரையின்போது செவந்தி புத்தகத்தைப் பிரித்தாள். தம்மாம் சித்தன்னவாசல் தாமரைக் குளமாகியிருந்தது. மலையாண்டி ‘ம-7’ ஆகியிருந்தான். புருவத்துத் தழும்பு நெற்றிக்கண்ணாகியிருந்தது. விலாசத்தைக் காணோம். கூப்பிட்டார்கள் என்று மேடையேறி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

எல்லாரும் சாப்பிடப் போனதும், வளைகுடாவுக்குக் கட்டி வைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் பிரித்தாள். ஒவ்வொரு பிரதியிலும் தன் கதைக்குக் கீழே பேனாவால் எழுதினாள்: மலையாண்டி, அன்னவாசல். இடது புருவத்தில் தழும்பு. அந்த ரூம் விலாசம். பார்த்தவர்கள் கூப்பிடவும். தன் போன் நம்பர்.

அறுபதாவது பிரதியைத் தாண்டும்போது ஆத்மநாதன் பொருளாளர் மரியசெல்வத்தோடு உள்ளே வந்தார்.

“பாத்தீங்களா மரியசெல்வம், ஒரு கதை அச்சுல வந்ததும் கையெழுத்துப் போட ஒக்காந்துட்டாங்க.”

“கையெழுத்து இம்புட்டு நீளமாவா இருக்கும்?” என்றார் மரியசெல்வம்.

ஆத்மநாதன் குனிந்து ஒன்றைப் படித்தார். முகம் மாறியது. தவறு நடந்திருப்பது அவருக்குப் புரிந்தது. தவறைச் சரிசெய்ய முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பையிலிருந்து முத்திரையை எடுத்தார். அவள் எழுத எழுத, பக்கத்தில் உட்கார்ந்து நூறு பிரதியிலும் குத்திக் கொடுத்தார்.

“இனிமே யாரும் சந்தேகப்பட மாட்டாங்கம்மா.”

நாற்பது நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, யாருடைய ஆதார் அட்டையையோ நகலெடுத்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. செவந்தி மிஷினை நிறுத்தினாள்.

“மேடம், தம்மாம்லேர்ந்து விக்ரம் பேசுறேன். ஒங்க கதையப் படிச்சேன்.”

“அவரப் பாத்தீங்களா?”

“யாரை?”

“மலையாண்டிய.”

எதிர்முனையில் சிரிப்பு. “பிரமாதம் மேடம். அச்சுல ம-7, கையெழுத்துல மலையாண்டி. இயக்கத்து முத்திரை வேற. நம்பரு நெசமாவே அடிக்குதான்னுதான் பாத்தேன்.”

“நெசமான ஆளுங்க. என் வீட்டுக்காரரு. அந்த விலாசத்துக்கு ஒரு நடை போயிப் பாக்குறீங்களா? இன்னைக்கு வெள்ளிக்கெழம, லீவுதானே ஒங்களுக்கு?”

“அந்தத் தெரு இங்கனதான் இருக்கு மேடம். அத்தனையும் விசாரிச்சு எழுதியிருக்கீங்க.” அவன் குரலில் மரியாதை கூடியிருந்தது. “போன்லகூட கதைய விட மாட்டேங்கிறீங்க பாருங்க. சரி, அடுத்த கதையில மலையாண்டி ஊரு வந்து சேந்துருவாருல்ல?”